சம்பந்தப்பட்டவர்களைக் கேட்கக் கூடாது

மேற்கு மாம்பலத்தில் யார் வீட்டிலாவது மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றால், ஜாதகம் பொருந்திய கையோடு மாணிக்கவாசகத்தைத் தேடி வருவார்கள். வெளியே தெரியாமல் ஒரு பையனைப் பற்றி விசாரித்துச் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபத்தைந்து வருடமாக ரங்கநாதன் தெருவில் ஜாக்கெட் துணிக் கடை வைத்திருந்தார். துணி விற்பது பிழைப்பு, விசாரிப்பதுதான் பெருமை. முதலில் இஸ்திரி போடுகிறவர், அடுத்து பால் டிப்போ, அதற்கப்புறம் பையனின் ஆபீஸ் பியூன். எல்லாம் முடிந்ததும் பையனுக்குப் பின்னாலேயே மூன்று நாள் நடப்பார். எஞ்சினியர் என்று சொல்லிக்கொண்ட ஒருவன் காலையிலிருந்து சாயங்காலம் வரை பனகல் பார்க் பெஞ்சில் படுத்துக் கிடப்பதை அப்படி நடந்துதான் கண்டுபிடித்தார்.

இந்தக் கலையில் அவருக்கு இருந்த சட்டம் ஒன்றே ஒன்று. சம்பந்தப்பட்டவர்களை மட்டும் கேட்கவே கூடாது. கேட்டால் நல்லதைத்தான் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் 1978 பிப்ரவரியில் விசாரிக்கக் கிளம்பியது மாப்பிள்ளையை அல்ல, ஒரு கராத்தே பள்ளியை.

காரணம் அவருடைய ஒரே மகள் ஜெயபாரதி. பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம். மாம்பலத்தில் ரயிலேறி நுங்கம்பாக்கத்தில் இறங்கிக் கல்லூரிக்குப் போய்வருகிறவள், பத்து நாளாக வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பத்து நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம், ஒரு காலில் மட்டும் செருப்போடு வீட்டு வாசலில் வந்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது. புத்தகங்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"இன்னொரு செருப்பு எங்கட்டி?" என்று மாணிக்கவாசகம் கேட்டார்.

"ரயில்ல ஏறும்போது விழுந்துடுச்சுப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ராத்திரி அம்மா தங்கத்திடம், "ஒருத்தன் பின்னாலயே வர்றாம்மா" என்று மட்டும் சொன்னாளாம். மாணிக்கவாசகம் மறுநாளே பாண்டி பஜாரில் ஒரு ஜோடி புதுச் செருப்பு வாங்கி வந்தார். அதோடு விஷயம் தீர்ந்துவிடும் என்று அந்த மனிதர் உண்மையிலேயே நம்பினார். அவள் அதை அட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

தங்கத்தின் தம்பி வெள்ளைத்துரை வந்து உட்கார்ந்து, "படிச்சது போதும் அத்தான். காலாகாலத்துல கெட்டிக் குடுத்துருங்க" என்றார். அன்று சாயங்காலம் ஜெயபாரதி ஒரு நோட்டீஸை அப்பா முன்னால் வைத்தாள். பேப்பருக்குள் மடித்து வந்திருந்த நோட்டீஸ். கராத்தே பயிற்சி, பெண்களுக்குத் தனி வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை முதல் புதிதாகச் சேரலாம். மேலே ஒரு முறுக்கிய முஷ்டி.

"இதுல என்னைச் சேர்த்து விடுங்கப்பா. காலேஜுக்குப் போறேன். இல்லேன்னா மாமா சொன்ன மாதிரியே பண்ணிக்கோங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு அவரும் கத்தியிருப்பார். அவளோ சோர்ந்து போய்ச் சொன்னாள். வேதியியலில் வகுப்பிலேயே முதலாக வருகிற பெண், எப்படியோ செய்துகொள்ளுங்கள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னது அவருக்குப் பயத்தைக் கிளப்பியது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது.

பள்ளி, கோதண்டராமர் கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மொட்டைமாடியில் இருந்தது. மாடிக்குக் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். கீழே டைப்ரைட்டர்கள் தடதடவென்று ஓடும். மேலிருந்து திடீரென்று முப்பது பேர் ஒரே குரலில் கத்துவார்கள். கீழே எல்லா மெஷினும் ஒரு நொடி நின்று மறுபடி ஓடும். முதல் தடவை அந்தக் கத்தலைக் கேட்டபோது மாணிக்கவாசகம் கையிலிருந்த குடையைக் கீழே போட்டுவிட்டார்.

எதிரே டீக்கடையில் விசாரணையைத் தொடங்கினார். மாஸ்டர் பெயர் பவுல்சாமி, பினாங்கில் பதினோரு வருடம் இருந்து வந்தவர் என்று தெரிந்தது. வெறுங்கையால் ஒரே போடில் ஆறு கூரை ஓடுகளை உடைப்பாராம். டீக்கடைக்காரர் ஏதோ தானே உடைத்ததுபோல் பூரித்துப்போய்ச் சொன்னார். மாணிக்கவாசகத்துக்கு டீ இறங்கவில்லை. ஓடு உடைக்கிறவன் பெண்பிள்ளைகளுக்கு என்னத்தைக் கற்றுக்கொடுப்பான்? ஓடு எழுந்து எதிர்த்து அடிக்காது. பின்னாலே வருகிறவன் அடிப்பானே!

அடுத்து, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் அய்யாதுரையிடம் போனார். கராத்தே பள்ளியிலிருந்து கை கால் ஒடிந்து யாராவது வருவார்களா என்று நைசாகக் கேட்டார்.

"ரெண்டு வருசமா ஒருத்தர்கூட வரல சார். நமக்கு வர்றதெல்லாம் ஓடுற பஸ்ஸுல ஏறி விழுந்தவங்க, பாத்ரூம்ல வழுக்குனவங்க, அவ்ளோதான்" என்றார் அய்யாதுரை.

வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். பயந்தவனுக்கு நல்ல செய்தியும் கெட்ட செய்தியாகத்தான் காதில் விழும். ஒருத்தர்கூட வரவில்லை என்றால், ஒடிந்ததை வெளியே தெரியாமல் மறைக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அன்று ராத்திரி அவர் கனவில் மொட்டைமாடி முழுக்க மாவுக்கட்டுப் போட்ட பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

மூன்றாவது ஆள் இஸ்திரி வண்டி வெள்ளைச்சாமி. கராத்தேக்காரர்களின் வெள்ளை உடுப்பெல்லாம் அவனிடம்தான் வரும்.

"ரத்தக்கறை, கிறை ஏதாவது பாத்தியா?" என்றார் மாணிக்கவாசகம்.

"ரத்தமெல்லாம் ஒண்ணுமில்ல நைனா. ஒரே வேர்வ. ஆனா, ஆலிஸ்னு ஒரு இஸ்கூல் டீச்சரம்மா அங்க கத்துக்க வருது. தெனம் அஞ்சு மணிக்கு வரும், ஆறு மணிக்குப் போவும், ரெண்டு வருசமா வந்துகினு கீது. போன தீவாளி டைம்ல அதுக்கு ஒரு கண்ணு அப்டியே கருத்துக் கெடந்துச்சு. இன்னா ஆச்சோ தெரில" என்றான் வெள்ளைச்சாமி.

கருத்துப் போன கண்! மாணிக்கவாசகத்துக்குக் கையும் காலும் ஓடவில்லை. ஜெயபாரதியின் கண் அவர் முன்னால் வந்து நின்றது. குழந்தையில் அதற்கு மை இடும்போதுகூட, விரல் பட்டுவிடுமோ என்று தங்கத்தைத் திட்டியவர் அவர். அந்த டீச்சரைத் தெரிந்துகொண்டால் பள்ளியைத் தெரிந்துகொண்ட மாதிரி. இரண்டு வருடம் அங்கே கற்றுக்கொண்ட ஒரு பெண் எப்படி நடக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட வேண்டும். அதற்கு அவருக்கு வழி தெரியும். எத்தனை மாப்பிள்ளைக்குப் பின்னால் நடந்தவர்!

புதன்கிழமை ஆறு மணிக்கு ஆலிஸ் படியிறங்கி வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். நீலப் பருத்திச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை, தோளில் ஒரு துணிப்பை. கண் இரண்டும் நன்றாகவே இருந்தன. மாணிக்கவாசகம் இருபது அடி விட்டுப் பின்தொடர்ந்தார். அவள் நேராக மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போனாள். வழியில் ஒரு பூக்காரியிடம் நின்று, விலை கேட்டு, வாங்காமல் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். சிக்கனமான பெண் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவள் நடை வேகமெடுத்தது. ஐம்பத்திரண்டு வயதுக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. கராத்தே கால்களுக்கு நல்ல பலம் தருகிறது என்று அதையும் குறித்துக்கொண்டார். அவள் தாம்பரம் ரயிலில் ஏறிப் போனாள்.

வியாழக்கிழமை அவள் வேறு தெரு வழியாகப் போனாள். ஒரு மருந்துக் கடைக்குள் நுழைந்து பத்து நிமிடம் நின்றாள். எதுவும் வாங்கியதாகத் தெரியவில்லை. மாணிக்கவாசகம் எதிரே ஒரு விளக்குக் கம்பத்தை ஒட்டிக் காத்திருந்தார். மருந்துக் கடைக்குப் போகிறாள் என்றால் உடம்பில் உள்காயம் ஏதோ இருக்கிறது! அந்த நினைப்பில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அவள் வெளியே வந்ததும் இன்னும் கொஞ்சம் நெருங்கி நடந்தார். அடி பட்ட இடம் எது என்று நடையில் தெரியுமே என்று அவர் எண்ணம். அன்று அவள் ஸ்டேஷனுக்குப் போகாமல் ஓடிப்போய் ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பார்க்கிறவர்களுக்கு எல்லாம் புரிந்திருக்கும். அவருக்குப் புரியவில்லை. மனிதர் கெட்டவர் இல்லை, அதுதான் அவருக்குத் தொந்தரவாகப் போயிற்று. தன்னைப் பார்த்து ஒருவர் பயப்படக்கூடும் என்ற எண்ணமே அவருக்கு ஜன்மத்தில் வந்ததில்லை. வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் தங்கத்தைக் கூப்பிடுகிறவரைப் பார்த்து யார் பயப்படப் போகிறார்கள்?

வெள்ளிக்கிழமை அவள் புத்தகம் எதையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அன்றைக்கு எப்படியும் முடிவு தெரிந்துவிட வேண்டும் என்று மாணிக்கவாசகம் ஐந்தடி தூரத்தில் நடந்தார். ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறினாள். ரங்கநாதன் தெருவிலிருந்து மேற்கு மாம்பலத்துக்கும் இங்கிருந்து அங்கேயும் ஜனம் நெரித்துக்கொண்டு போகும் நேரம். பாலத்தின் நடுவில் வந்ததும் சட்டென்று நின்றாள்.

மாணிக்கவாசகம் நிற்க முடியாமல் அவள்மேல் மோதப் போனார். வியர்வை துடைக்கக் கைக்குட்டையை எடுக்க ஜேபிக்குள் கை விட்டிருந்தார். அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம். அவள் திரும்பியதும் தெரியவில்லை, பிடித்ததும் தெரியவில்லை. வலது மணிக்கட்டு முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. கன்னம் பாலத்துக் கம்பியில் அழுந்திக் கிடந்தது. கீழே தண்டவாளம் மங்கலாகத் தெரிந்தது. "ஐயோ!" என்று அலறினார்.

"யாருய்யா நீ? மூணு நாளா எதுக்குப் பின்னாலயே வர்ற? ஜேபியில என்ன வெச்சிருக்க?" ஆலிஸின் குரல் பாலம் முழுக்கக் கேட்டது.

கூட்டம் கூடுவதற்குக் கேட்கவா வேண்டும்? கீரைக்காரி கூடையை இறக்கி வைத்தாள். "இன்னாமா, வம்பு பண்றானா? வயசப் பாரு! வீட்ல அக்கா தங்கச்சி இல்ல?" என்றாள். ஒருவன் செருப்பைக் கழற்றினான். இன்னொருவன் சட்டைக் காலரைப் பிடித்தான். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "அட, ஜாக்கெட் துணிக் கட அண்ணாச்சில்ல இது?"

கையின் வலிகூட மறந்துபோயிற்று அவருக்கு. இருபத்தைந்து வருடம். அம்மா, அக்கா என்று கூப்பிட்டுத்தான் ஒவ்வொரு கஜமும் கிழித்துக் கொடுத்திருக்கிறார். நாளைக்கு இந்தத் தெருவில் எந்த முகத்தோடு கடை திறப்பது? தங்கத்துக்கு எப்படிப் போய்ச் சேரும் செய்தி?

"எம் பொண்ணுக்காக... எம் பொண்ணுக்காகத்தாம்மா..." என்றார்.

"மாட்னா எல்லாரும் பொண்ணு புள்ளன்னுதான் சொல்வானுங்க" என்று செருப்புக்காரன் கையை ஓங்கினான்.

அடியை எதிர்பார்த்து முகத்தைத் திருப்பியபோதுதான் மாணிக்கவாசகம் முதல் தடவையாக அவள் முகத்தைப் பக்கத்தில் பார்த்தார். உதடு வெளுத்திருந்தது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. அவர் கையை முறுக்கிப் பிடித்திருந்த கை இரும்பாக இருந்தது. ஆனால் அவள் முழங்கால்கள் சேலைக்குள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. புத்தகம் கீழே கிடந்தது.

அந்த முகத்தை அவர் பார்த்திருக்கிறார். தன் வீட்டு வாசலில், ஒரு காலில் செருப்போடு. பார்த்துவிட்டு இன்னொரு செருப்பு எங்கே என்று கேட்டவர் அவர்.

பூக்காரியிடம் ஏன் நின்றாள், மருந்துக் கடையில் ஏன் நின்றாள், ஏன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள் என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் தலையில் இறங்கியது. செருப்புக்காரன் அடித்தாலும் தேவலை என்று தோன்றியது.

"அந்தக் கராத்தே ஸ்கூலுதாம்மா. எம் மவளை ஒருத்தன் பின்னாலயே வந்து பயமுறுத்துதான். காலேஜையே விட்டுட்டா. உங்க ஸ்கூல்ல சேரணுங்கா. எனக்குப் பயம். நீ ரெண்டு வருசமா அங்க படிக்கேன்னு சொன்னாவ. ஒனக்குக் கண்ணு கருத்துப் போச்சுன்னும் சொன்னாவ. அதான் விசாரிக்க வந்தேன். தப்புதான் தாயி. பெரிய தப்பு" என்று மூச்சு விடாமல் சொல்லி அழுதார். சென்னைக்கு வந்து இத்தனை வருடத்தில் நடுத்தெருவில் அழுதது அன்றைக்குத்தான்.

ஆலிஸ் கொஞ்ச நேரம் பிடியைத் தளர்த்தவில்லை. பிறகு, "ஜேபியில என்ன?" என்று கேட்டாள். காலரைப் பிடித்திருந்தவன் கைவிட்டு எடுத்தான். ஒரு கசங்கிய கைக்குட்டை, முஷ்டி படம் போட்ட நோட்டீஸ். அவள் நோட்டீஸைப் பார்த்தாள். கையை விட்டாள்.

"விடுங்க, போங்க எல்லாரும். நான் பாத்துக்கறேன்" என்றாள் கூட்டத்திடம். கூட்டம் ஏமாந்துபோய்க் கலைந்தது. செருப்புக்காரன் செருப்பை மாட்டிக்கொண்டு, "பேஜாரு புட்ச்ச ஆளுய்யா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"எங்கிட்டயே கேட்டிருக்கலாமே சார்" என்றாள் ஆலிஸ்.

"சம்பந்தப்பட்டவங்களைக் கேட்டா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ரெண்டு ராத்திரியா நான் தூங்கல. நேத்து பஸ்ல போயி, எங்கயோ இறங்கி, பரங்கிமலையில எங்க வீடு வரைக்கும் சுத்திச் சுத்தி நடந்து போனேன். மருந்துக் கடைக்காரர்கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? அண்ணா, எதிர்ல ஒரு ஆள் நிக்கறான், அவன் போற வரைக்கும் நின்னுக்கறேன்னு சொன்னேன்." புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினாள். "கண்ணு கருத்தது கிளாஸ்லதான். கையை இறக்கிட்டேன், எதிர்ல இருந்த பொண்ணு குத்து விழுந்துடுச்சு. அப்பறம் நான் கையை இறக்கல. வேற என்ன விசாரிக்கணும்?"

அவருக்கு ஒன்றும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. "பயம் போயிருமாம்மா அங்க வந்தா?" என்று மட்டும் கேட்டார்.

"எனக்குப் போயிடுச்சுன்னா நெனைக்கறீங்க?" என்றாள் அவள். பிறகு படியை நோக்கி நடந்தவள் நின்று திரும்பினாள். "ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணி. உங்க பொண்ண வரச் சொல்லுங்க. நீங்க வராதீங்க."

வீட்டுக்கு வந்தபோது மணிக்கட்டு கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. தங்கம் கோயிலுக்குப் போயிருந்தாள். ஜெயபாரதிதான் பார்த்தாள். "என்னப்பா ஆச்சு?" என்று ஓடிவந்து விளக்கெண்ணெய் எடுத்துவந்து உட்கார்ந்தாள். அவர் மறைக்கவில்லை. இஸ்திரி வண்டியிலிருந்து மேம்பாலம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். கம்பியில் கன்னம் அழுந்திய இடம் வந்தபோது ஜெயபாரதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு வெகு நாள் ஆகியிருந்தது. அவருக்குக்கூடச் சந்தோஷமாக இருந்தது.

திடீரென்று அவள் சிரிப்பு நின்றது. எண்ணெய் தடவிய விரலும் நின்றது.

"அந்த டீச்சர் பின்னால எத்தனை நாள் போனீங்க?"

"மூணு நாள்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "மூணே நாள்ல அந்தப் புள்ள தூக்கத்தையெல்லாம் கெடுத்துட்டேன், பாவி."

ஜெயபாரதி மறுபடி எண்ணெய் தடவத் தொடங்கினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்கு ஏழு மாசம்பா" என்றாள்.

செருப்புப் போன அந்த ஒரு நாள்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஏழு மாதம். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் என்று அவர் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த அத்தனை நாளும், சாயங்காலம் வீட்டுக்கு வந்து எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட பெண் இவள். மாம்பலத்தில் இருக்கிற மாப்பிள்ளைகளை எல்லாம் துருவித் துருவி விசாரித்தவர், தன் வீட்டுப் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதுவும் செருப்பைப் பற்றி. பவுல்சாமி மாஸ்டரிடமும் மேம்பாலத்துக் கூட்டத்திடமும் பயந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. இனி அவள் சொல்லப் போவதைக் கேட்கத்தான் அவருக்கு உண்மையான பயம் வந்தது. எழுந்து கடைக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

எழவில்லை. கூடத்து மூலையில் அட்டைப் பெட்டியில் புதுச் செருப்பு அப்படியே இருந்தது.

"சொல்லும்மா" என்றார். "மொத நாள்லேர்ந்து சொல்லு. நான் கேக்கேன்."

அவள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.